தோள்மூட்டு இறுக்கம்: ஒரு வருட இயன்மருத்துவத்துக்குப் பிறகு

கிளிநொச்சியில் இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) போகத் தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. எனக்கு வந்தது தோள்மூட்டு இறுக்கம். 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் கூடுதலாக வரும். எனக்குச் சீனியும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கொண்டை போடக் கை எழும்பாது, வலப்பக்கம் சரிந்து படுக்க முடியாது.

மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுப்பை தடித்துச் சுருங்கிவிடுவதால் வருவது இது. நோவெண்ணெய் பூசி நூவினால் அன்றிரவு சுகம், அவ்வளவுதான். இறுக்கம் தசைக்கும் கீழே அல்லவா இருக்கிறது.

இயன்மருத்துவரின் பிடி வேறு. நிமிர்ந்து படுக்கவைத்து, மேற்கையைச் சற்று அகட்டித் தாங்கிக்கொண்டு, தோளின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, எலும்பின் உருண்டைத் தலையைப் பின்னோக்கி மெல்ல மெல்ல அழுத்துவார். வெளியே பார்ப்பவருக்கு அசைவே தெரியாது. நமக்கு உள்ளே ஏதோ முட்டி நிற்பது தெரியும். கை வெளிப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

நோ கடுமையாக இருந்த காலத்தில் சின்னச் சின்ன அசைவுகள் மட்டும். "அன்ரி, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, நொந்தா சொல்லுங்கோ" என்று இயன்மருத்துவப் பிள்ளை ஒவ்வொரு முறையும் சொல்லும். நோ இறங்கிய பிறகே இறுக்கத்தின் எல்லைவரை கொண்டுபோய்ப் பிடித்தது. இந்த வரிசை மிக முக்கியம். எடுத்த எடுப்பில் கையை முறுக்கி இழுப்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள், நோ கூடத்தான் செய்யும்.

தொடக்கத்தில் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசியும் போட்டார்கள். நோ சட்டென்று குறைந்தது, ஆனால் சில நாள் சீனி ஏறி நின்றது. சீனி உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுவைப்பது நல்லது.

அப்புறம் வீட்டுப் பயிற்சி. அதை விட்டால் கிளினிக்கில் கிடைத்த அசைவு அடுத்த முறைக்குள் பாதி போய்விடும். முற்றத்து மாமரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் நோக் கையை இழுத்து உயர்த்துவேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துத் தடியால் வெளியே தள்ளுவது அடுத்தது.

இப்போது கொடியில் உடுப்புக் காயப்போடுகிறேன், கொண்டையும் போடுகிறேன். முதுகுப்பக்கம் மட்டும் கை இன்னும் முழுதாக எட்டவில்லை. இந்த வருத்தம் அடங்க ஒன்றிரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும்.

துணுக்காய், விசுவமடுப் பக்கமிருந்து பஸ் ஏறி வருபவர்களுக்கு வாராவாரம் வருவது லேசில்லை. அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்; வீட்டில் செய்வதைக் கூட்டித் திட்டம் போட்டுத் தருவார்கள்.