பிரேக் பேட் மாற்றியதும் பெடல் பஞ்சாகிவிட்டதா? மாஸ்டர் சிலிண்டர் பில்லுக்குத் தலையாட்டாதீர்கள்

பேட் மட்டும் மாற்றக் கொடுத்த கார், பஞ்சு மாதிரி அமுங்கும் பெடலோடு திரும்பி வருகிறது. கேட்டால், "புது பேட் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்பார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால், "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு, மாத்திடலாம்." (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்தான் மாஸ்டர் சிலிண்டர்.) இந்த இரண்டு பதில்களையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

செட் ஆவது என்றால் பேட்டின் முகம் டிஸ்க்கோடு படிவது. அதனால் பிடிமானம் கூடும், பெடலிலும் லேசாக வித்தியாசம் தெரியலாம். தரைவரை போகும் பெடல் அதனால் மேலே வராது.

பேட் மாற்ற பிரேக் ஆயில் லைனைத் திறக்கவே வேண்டியதில்லை. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரைக் கழற்றி, அதிலுள்ள பிஸ்டனைப் பின்னே தள்ளி, புது பேட்டைப் போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் சில மிதிகள் வெறுமனே இறங்கும். வண்டியை நகர்த்தும் முன்பே பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிவிட வேண்டும். அப்படியும் கெட்டியாகாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செய்த வேலையை.

எது காரணம் என்று ஐந்து நிமிடத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை வேகமாக நாலைந்து முறை மிதியுங்கள். மிதிக்க மிதிக்க உயர்ந்து, சற்று விட்டு மிதித்தால் மறுபடி இறங்கினால், லைனில் காற்று இருக்கிறது அல்லது எங்கோ இடைவெளி அதிகம். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் என்றால், அதில் பேட்டுக்குப் பதிலாக இருக்கும் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட்டையும் பாருங்கள். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே நழுவினால்தான் மாஸ்டர் சிலிண்டர் சீல் மீது சந்தேகம். அதுவும் வெளியே எங்கும் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு.

ஒரு வித்தையைக் கவனியுங்கள். பெடலை மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, "பாருங்க, கீழ போகுது" என்று காட்டுவார்கள். அந்தச் சிறிய இறக்கம், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். அதைப் பழுதென்று காட்டிப் பூஸ்டர் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

காற்று எப்படிப் புகுந்தது? பிஸ்டனைத் தள்ள வசதியாக, காலிபரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைத் திறந்து, மூடும் முன் அது காற்றை உறிஞ்சியிருக்கும். அல்லது பிளீடிங் (லைனில் உள்ள காற்றை ஆயிலோடு வெளியேற்றுவது) செய்யும்போது வண்டியின் ஆயில் டப்பாவில் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே போயிருக்கும். காலிபர்களை முழுதாகக் கழற்றி இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். எத்தனை முறை பிளீட் செய்தாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது. நிப்பிள் காலிபரின் உச்சியில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காற்றே இல்லாமலும் பெடல் மெத்தென்று இருக்கும். காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருப்பது, பேட்டின் பின்னால் வைக்கும் மெல்லிய தகடான ஷிம் இரட்டிப்பாக விழுந்திருப்பது, தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பு மேட்டில் புது பேட் ஏறி உட்கார்ந்திருப்பது எல்லாம் காரணம். பேட் வளைந்து வளைந்து திரும்பும், கால் அதைப் பஞ்சாக உணரும். ஹேண்ட் பிரேக் சேர்ந்த பின்சக்கரக் காலிபர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு நசுக்கினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் கெட்டுவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் நிஜமாகவே போயிருக்கலாம். ஆனால் எப்போது போனது என்று கேளுங்கள். பழைய வண்டியில் பிளீடிங்கின்போது பெடலைத் தரைவரை மிதித்தால், வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தால் தப்பியிருக்கும். அந்தக் கிழிசலுக்கு நீங்கள் ஏன் பணம் தர வேண்டும்?

ஆயிலையும் கவனியுங்கள். வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எந்த வகை எழுதியிருக்கிறதோ அதுவே ஊற்றப்பட வேண்டும். டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் என்று பேர்தான், அது எண்ணெய் இல்லை. பவர் ஸ்டியரிங் ஆயில் கொஞ்சம் கலந்தாலே ரப்பர் எல்லாம் ஊதிவிடும். ஒர்க்‌ஷாப்பில் திறந்து வைத்த ஆயில் டப்பா ஈரத்தை இழுத்துவைத்திருக்கும், புது டப்பாவை உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் மாட்யூலுக்குள் காற்று போயிருந்தால் சாதாரண பிளீடிங் போதாது, பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்துப் பம்பை ஓட்ட வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் மாற்றியே ஆக வேண்டும் என்றால், காலை அழுத்தி வைத்துப் பெடல் நழுவுவதை உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள், பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பெடல் சரியாகும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்; வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதென்றாலும் வேறு வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.