படம் கீறித் தொடங்கும் கிரேக்க உரோம வகுப்பு: ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன்

உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்து, அதில் ஒரு பாடமாகக் கிரேக்க உரோம நாகரிகத்தைத் தெரிவுசெய்த பிள்ளைகளின் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ தெரியாது, ஆனால் இருக்கிறவர்களுக்கு நல்ல வகுப்பு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் மினக்கெட்டு இதை எழுதுகிறேன். மகள் போகும் வகுப்பு நல்லூர்ப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள், ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை. பத்தொன்பது பிள்ளைகள், ஐந்து வாங்கு, ஒரு கரும்பலகை. சேர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாடசாலையில் இந்தப் பாடம் செய்யும் பிள்ளைகளைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

முதலில் மகளை வேறொரு பெரிய வகுப்பில்தான் சேர்த்தோம். ரியூட் என்று அச்சடித்த பாடக்குறிப்பு மட்டும் கட்டுக்கட்டாக வந்தது. கிரேக்கத்தில் நகர அரசுகள் தோன்றியதற்கான காரணங்கள் என்று ஆறு இலக்கம் போட்டுக் கொடுத்திருந்ததை இவள் இரவிரவாகப் பாடமாக்கினாள். “சரி பிள்ளை, மலை இருந்தால் ஏன் தனித்தனி அரசு வருது?” என்று நான் கேட்டதும் பேசாமல் இருந்தாள், பிறகு அழுதுவிட்டாள். அந்த ரியூட்டில் கிரேக்க நாட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. ஏதெனியர் பாரசீகரை வென்ற மரதன் சண்டை ஒரு பக்கத்தில் கி.மு. 490, அதுதான் சரி, இன்னொரு பக்கத்தில் 480. எது சரி என்று கேட்ட பிள்ளைக்கு “இரண்டையும் பாடமாக்கி வையும்” என்று பதில் வந்ததாம். அந்த மாதத்தோடு நிற்பாட்டிவிட்டேன்.

இந்த வகுப்பில் முதல் நான்கு கிழமையும் கிரேக்கத்தின் தேசப்படம் கீறுவது மட்டும்தான். மலைக்கு மண்ணிறம், கடலுக்கு நீலம். பின்டஸ் மலைத்தொடர், தைகெட்டோஸ், அதன் அடியில் யூரோட்டாஸ் ஆறு, ஆற்றங்கரையில் ஸ்பாட்டா. மண்ணிறம் தீட்டி முடிக்கும்போதே பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது, நாட்டில் ஐந்தில் நாலு பங்கு மலை, நடுவில் துண்டு துண்டாகக் கொஞ்சம் வயல்நிலம், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போவதைவிடக் கடலால் சுற்றிப் போவது சுகம் என்று. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனக்கென்று சட்டம், தெய்வம், படை என்று தனியாக நின்றதை அதற்குப் பிறகு யாரும் பாடமாக்கத் தேவையில்லை. கொரிந்துப் பூசந்திக்கு வந்தபோது சேர் பக்கத்திலேயே எங்கள் குடாநாட்டையும் கீறி, அதைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய ஆனையிறவில் சோக்கை வைத்து அழுத்தினார். கொரிந்துப் பூசந்தி ஒடுங்கிய இடத்தில் ஆறு கிலோமீற்றர் அளவுதான், இரண்டு பக்கமும் கடல், இரண்டு பக்கமும் துறைமுகம். கப்பல்களையும் சரக்கையும் கல் பதித்த பாதையில் தரைமேல் இழுத்து அடுத்த பக்கக் கடலில் விட்டிருக்கிறார்கள். அங்கே கால்வாய் வெட்டித் திறந்தது 1893இல்தான். கொரிந்து ஏன் பணக்கார ஊர் என்று இனி என் மகளிடம் யாரும் கேட்கலாம்.

பெற்றோர் பின்னால் இருந்து கேட்கலாம் என்று சொன்னதால் நானும் பெரும்பாலான சனிக்கிழமைகள் இருந்துவிடுவேன். ஒருநாள் ஏதென்சுக்கும் ஸ்பாட்டாவுக்கும் நடந்த பெலோபொனீசியப் போரின் கடைசிப் பகுதி போனது. ஏதென்சின் மண் மெல்லிய மண், ஒலிவும் முந்திரிகைக் கொடியும் வரும், எல்லாச் சனத்துக்கும் போதிய தானியம் வராது, அதனால் கருங்கடல் பக்கத்திலிருந்து ஹெலஸ்பொன்ட் நீரிணையால் கப்பலில் தானியம் வர வேண்டும். நகரத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை நீள்மதில் கட்டி வைத்திருந்ததும் அதற்காகத்தான், தரையை எதிரி பிடித்தாலும் கடல்வழி திறந்திருக்கும். கி.மு. 405இல் அந்த நீரிணைக் கரையில் ஈகோஸ்பொட்டாமியில் ஸ்பாட்டாத் தளபதி லைசாண்டர் ஏதென்சின் கப்பற்படையைப் பிடித்ததும் அந்த வழி பூட்டுப்பட்டது. அடுத்த ஆண்டு ஏதென்ஸ் பசியில் சரணடைந்தது. இதைச் சொல்லிவிட்டு சேர் பின்னால் நாங்கள் இருந்த வாங்குப் பக்கம் திரும்பி, “பாதை பூட்டினால் என்ன நடக்கும் எண்டு உங்கட அம்மாமாரைக் கேளுங்கோ” என்றார். 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டின பிறகு, கப்பல் வந்தால்தான் சாமான் என்று கூப்பன் கடை வாசலில் நின்றதையும், சீனிக்கும் பால்மாவுக்கும் பட்ட பாட்டையும் நானும் இன்னொரு தாயும் சொன்னோம். இந்தப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் பிறக்கக்கூட இல்லை. வகுப்பே சத்தமில்லாமல் கேட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஏதென்சில் அந்தக் குளிர்காலத்தில் தாய்மார் என்ன சமைத்திருப்பார்கள் என்று என்னைக் கேட்டாள். இரண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தைய சனம் அன்றுதான் அவளுக்கு மனிசராகத் தெரிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நாள் உடைந்த மண்சட்டித் துண்டுகள் ஒரு பையில் வந்தன, கூடவே ஆணிகள். ஏதென்சில் யாராவது அளவுக்கு மிஞ்சிப் பலம் பெற்றால் ஓட்டுத்துண்டில் பெயர் கீறிப் பத்து வருசம் ஊரைவிட்டு அனுப்பும் வழக்கம் இருந்ததல்லவா, அதைச் செய்துபார்த்தார்கள். கப்பற்படைக்கு ஆசைப்பட்ட தெமிஸ்டோக்ளிஸா, நீதிமான் என்று பெயரெடுத்த அரிஸ்டைடிஸா. எழுத்தறியாத ஒரு கமக்காரன் அரிஸ்டைடிசிடமே ஓட்டைக் கொடுத்து அவர் பெயரைக் கீறச் சொன்ன கதையையும் சேர் சொன்னார். நீதிமான் நீதிமான் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்றானாம். எண்ணியபோது தெமிஸ்டோக்ளிஸ் வெளியேற வேண்டும் என்று வந்தது. சேர் கொஞ்சம் பொறுத்து, ஏதென்சில் பெண்களுக்கு வாக்கில்லை, பெண்பிள்ளைகள் எல்லோரும் தங்கள் ஓட்டுத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினாலு ஓடு போய்விட்டது. பிறகு, தாயோ தகப்பனோ ஒருவராவது யாழ்ப்பாணத்துக்கு வெளியே பிறந்த பையன்களும் எடுங்கள் என்றார், கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி பெற்றோர் இருவரும் ஏதெனியராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ஒரு பையனின் தாய் மன்னார், இன்னொருவனின் தகப்பன் மலையகம். மேசையில் மூன்று ஓடு மிஞ்சியது, மூன்றிலும் அரிஸ்டைடிஸ். அடிமைகளைப் பற்றிப் பேச அதற்குப் பிறகு அவர் குரலை உயர்த்தவே தேவைப்படவில்லை. சனநாயகம் பிறந்த இடம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் வழிகாட்டிப் புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம் வருகிறது.

நாடகப் பகுதிக்கு அவர் கூத்தைக் கொண்டுவந்தார். வட்டக்களரியும் கிரேக்க அரங்கின் வட்டத் தரையும், பாடகர் குழுவும் பிற்பாட்டும், பெண் வேசத்தையும் ஆணே கட்டுவது. ஆனால் எல்லாம் ஒன்று என்று சொல்லி முடிக்காமல், அங்கே முகமூடி, அதிகம் போனால் மூன்று நடிகர், டயோனிசஸ் தெய்வத்தின் விழாவில் கவிஞர்களுக்கிடையே போட்டி என்று வேறுபாட்டையும் எழுதவைத்தார். கந்தரோடையில் உரோமக் காசு கிடைத்ததையும், யவனர் என்ற சொல் அயோனியா என்ற பெயர்வழி வந்ததையும் ஒருநாள் சொன்னார், அது போதாது, இன்னும் ஒரு வகுப்பு அதற்கே ஒதுக்கியிருக்கலாம்.

குறைகளும் இருக்கு. வேகம் காணாது. ஏழு மாதத்தில் இப்போதுதான் அலெக்சாந்தருக்கு வந்திருக்கிறார்கள், உரோமப் பகுதி முழுவதும் மிச்சம், சோதனைக்கு நாள் எண்ணும் பிள்ளைகளுக்கு இது உண்மையான பயம். நானே சேரிடம் கேட்டேன், கிழமையில் ஒருநாள் மேலதிக வகுப்பு வைப்பதாகச் சொன்னார், அடுத்த மாதம்தான் தொடங்கும். ரியூட் தருவதில்லை, கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டும், எழுத்து மெதுவான பிள்ளை சிரமப்படும். கடந்தகால வினாத்தாள் செய்வது மிகக் குறைவு, அதை வீட்டில் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கு. மாரியில் விறாந்தைக்குள் சாரல் அடித்து இரண்டு வகுப்பு நின்றது, அந்த இரண்டுக்கும் காசைக் கழித்துத்தான் வாங்கினார். மாதம் 2,500 ரூபா.

பாடமாக்கி ஒப்புவிக்கும் வேகம் மட்டும் தேவை என்றால் வேறு இடம் பாருங்கள். பிள்ளைக்கு அந்தக் கடலும் மலையும் சனமும் விளங்க வேண்டும் என்றால் இங்கே விடுங்கள். புதியவர்களை மாத முதல் சனிக்கிழமை சேர்க்கிறார். மண்ணிறமும் நீலமும் கலர்ப்பென்சில் கட்டாயம், கோடு போடாத பெரிய கொப்பி ஒன்று, மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னரே படலைக்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் பார்க்காமல் படம் கீறுவதுதான் ஒவ்வொரு கிழமையும் முதல் வேலை.