முதல் மினி சூப்பர்மோட்டோ: பழைய ஹோண்டா குரோமா, 140 சிசி பிட் பைக்கா?

மினி சூப்பர்மோட்டோன்னா சின்ன பைக்கை தார் டிராக்ல ஓட்டற ரேஸ். அதுக்கு முதல் பைக்கா ஹோண்டா குரோம் (Grom, ரோட்டுல ஓட்டற சின்ன பைக்) எடுக்கறதா, பிட் பைக் (குட்டி டர்ட் பைக்) எடுக்கறதான்னு நிறைய பேர் குழம்பறாங்க. ரெண்டையுமே கோ-கார்ட் டிராக்ல ஓட்டலாம், ஆனா குணம் வேற வேற.

காசு: பிட் பைக் புதுசே சீப்பா கிடைக்கும். குரோம் செகண்ட்ஹேண்ட்லயே கூட ஆகும், ஆனா திரும்ப விக்கறப்போ விலை பெருசா இறங்காது.

உழைப்பு: குரோம்ல 125 சிசி, ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஆயில் ஒழுங்கா மாத்தினா ஓடிக்கிட்டே இருக்கும். பிட் பைக் பெரும்பாலும் கார்புரேட்டர், வாங்கின உடனே எல்லா நட்டு போல்ட்டையும் ஒரு தடவை டைட் பண்ணணும், அப்புறம் ஒவ்வொரு தடவை ஓட்டறதுக்கு முன்னாடியும் செயின், ஸ்போக், ஆக்சில் பாக்கணும், இதுல சோம்பேறித்தனம் பட்டா அடிபடறது நீங்கதான்.

வெயிட்: குரோம் சுமார் 100 கிலோ. பிட் பைக் அதைவிட நல்லாவே கம்மி, வளைவுல சட்டுனு சாயும், கீழ விழுந்தாலும் தூக்கறது ஈஸி.

சஸ்பென்ஷன்: பெரியவங்க வெயிட்டுக்கு குரோமோட ஸ்பிரிங் ரொம்ப சாஃப்ட்.

ரோடு: குரோம்ல லைட், இண்டிகேட்டர் எல்லாம் இருக்கு. பிட் பைக் பொதுவா டிராக்குக்கு மட்டும்தான்.

ஸ்பானர் பிடிக்கத் தெரியும், டிராக் மட்டும் போதும்னா பிட் பைக். ரோட்டுலயும் ஓட்டணும், ரிப்பேருக்கு நேரமில்லன்னா குரோம்தான். எதை எடுத்தாலும் ஹெல்மெட், கிளவுஸ், நல்ல டயருக்கு மொதல்ல காசு ஒதுக்கிடுங்க.