வேர்ட்ஸ்மித்தின் 'எ வேர்ட் எ டே': நாளுக்கு ஒரு சொல் தரும் மின்னஞ்சல் சேவை

வேர்ட்ஸ்மித் இணையதளம் அனுப்பிவரும் 'எ வேர்ட் எ டே' என்னும் இலவச மின்னஞ்சல், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் உச்சரிப்பு, பொருள், பிறப்பு, அது முதன்முதலில் எழுத்தில் பதிவான காலம், அச்சில் ஆளப்பட்ட ஒரு வாக்கியம் ஆகியவற்றைச் சுருக்கமாகத் தருகிறது. இந்தியாவில் பிறந்தவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவருமான அனு கார்க், அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்ற காலத்தில், 1994ஆம் ஆண்டு இதைத் தொடங்கினார். வெளியிலிருந்து வந்து ஒரு மொழியைக் கற்றவருக்கே உரிய வியப்பு இன்றும் அவருடைய முன்னுரைகளில் குன்றாமல் இருப்பதே இச்சேவையின் முதல் சிறப்பு என்பேன்.

இரண்டாவது சிறப்பு, அதைவிடப் பெரியது, வாரந்தோறும் ஒரு பொருண்மையை வகுத்துக்கொள்ளும் முறை. அகராதியைத் திறந்து கண்ணில் பட்ட சொல்லைத் தருவதில்லை. ஒரு வாரம் ஊர்ப்பெயர்களிலிருந்து வந்த சொற்கள், மற்றொரு வாரம் ஒரே மொழியிலிருந்து கடன்பெற்ற சொற்கள், வேறொரு வாரம் மனிதர்களின் பெயர்களே சொற்களாகிப்போனவை என்று ஐந்து சொற்களும் ஒரு சரடில் கோக்கப்படுகின்றன. மனிதப் பெயர்களின் வரிசையில்தான் மொழியறிவு வரலாற்றறிவாக மாறுவதை நன்றாக உணரலாம். புறக்கணிப்பைக் குறிக்கும் 'பாய்காட்' என்னும் சொல்லுக்குப் பின்னால், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களை மேற்பார்த்துவந்த சார்லஸ் பாய்காட் நிற்கிறார். 1880இல் குத்தகையைக் குறைக்கக் கோரிய உழவர்களை அவர் வெளியேற்ற முனைந்தபோது, ஊர் மக்கள் அவருக்காக அறுவடை செய்யவும், அவருடைய வீட்டில் வேலை பார்க்கவும், கடையில் பொருள் விற்கவும் மறுத்துவிட்டனர். அவருடைய பயிரை அறுக்க வடபகுதியிலிருந்து ஆட்களை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாகப் படைவீரர்களையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் அயர்லாந்தைவிட்டு வெளியேறினார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆளும் கட்சிக்கு ஏற்பத் தேர்தல் தொகுதிகளை வளைத்து வரைவதைக் குறிக்கும் 'ஜெர்ரிமாண்டர்' அப்படிப்பட்ட இன்னொரு சொல். 1812இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்பமிட்ட தொகுதி வரைவில் ஒரு தொகுதி 'சாலமாண்டர்' என்னும் உயிரியைப் போல நெளிந்து கிடந்ததால், அவருடைய பெயரையும் அந்த உயிரியின் பெயரையும் ஒட்டவைத்து எதிர்க்கட்சியினர் இச்சொல்லை உருவாக்கினர். இத்தகைய செய்திகளை வரலாற்றுப் பாடமாகப் படித்தால் மறந்துவிடக்கூடும். ஒரு சொல்லோடு சேர்த்துப் படிக்கும்போது, அச்சொல்லைக் கேட்கும் போதெல்லாம் அந்த நிகழ்வும் உடன் வருகிறது.

தினமும் ஒரு பொது அறிவுத் துணுக்கு என்ற பெயரில் வாட்ஸ்அப் வழியாக வந்து குவியும் செய்திகளோடு இதை ஒப்பிட்டால், இதன் மதிப்பு தெளிவாகத் தெரியும். செல்வச் செழிப்பும் பகட்டும் உள்ளதைக் குறிக்கும் 'போஷ்' என்னும் சொல், கப்பலில் இந்தியாவுக்குச் சென்று திரும்பிய செல்வந்தர்களின் பயணச்சீட்டில் அச்சிடப்பட்ட நான்கு சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்னும் கதை இன்றும் சுற்றிவருகிறது. ஆனால் அவ்வாறு அச்சிட்ட சீட்டு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை, தரமான அகராதிகளும் அதை ஏற்பதில்லை. சொல்லின் வேரையும் பதிவான காலத்தையும் மேற்கோள் எடுத்த இடத்தையும் சேர்த்துத் தரும் வழக்கம் இருந்தால், இத்தகைய கதைகள் நுழைய இடம் குறைகிறது. துணுக்கு சிறியது என்பதற்காக அதன் ஆதாரமும் சிறியதாக இருக்கலாம் என்று எண்ணாதவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரும் நிறைவைத் தரும்.

வார இறுதியில் வரும் தொகுப்பிதழைப் பலர் திறக்காமலே விட்டுவிடக்கூடும். அது பெரிய இழப்பு. அந்த வாரச் சொற்களைக் குறித்து உலகின் பல பகுதிகளிலிருந்து வாசகர்கள் எழுதும் கடிதங்கள் அதில் இடம்பெறுகின்றன. தம் தொழிலில் அச்சொல் வழங்கும் விதத்தை ஒருவர் எழுதுவார்; தம் தாய்மொழியில் உள்ள இணைச்சொல்லை இன்னொருவர் எடுத்துக்காட்டுவார்.

குறைகளும் உண்டு. எடுத்தாளப்படும் சொற்களில் கணிசமானவை அரிதாக வழங்குபவை. போட்டித் தேர்வுக்குச் சொல்வளம் சேர்க்க விரும்பும் மாணவர் இதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. அன்றாடம் பயன்படும் சொற்களே வேண்டுமென்றால், மெரியம் வெப்ஸ்டர் அகராதியின் நாள்தோறும் ஒரு சொல் சேவை, ஒலிவடிவத்திலும் கிடைப்பதால், கூடுதலாகப் பயன்படும். மேலும், எந்தச் சொல்லுக்கும் ஓரிரு வாக்கியங்களே எடுத்துக்காட்டாகத் தரப்படுவதால், அதைத் துணிந்து எழுத்தில் ஆள வேறு நூல்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

தமிழ் வாசகர் என்ற முறையில் எனக்கு ஓர் ஏக்கமும் எழுகிறது. கட்டுமரமும் சுருட்டும் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் புகுந்து 'கேட்டமரான்', 'செரூட்' என்று நிலைத்துவிட்டன. இவற்றைப் போலக் கடல் கடந்த சொற்களுக்கும், தமிழுக்குள் வந்து சேர்ந்த போர்த்துகீசிய, உருது, டச்சுச் சொற்களுக்கும் இதே கட்டுப்பாட்டோடு வாரம் ஐந்து மடல்கள் தமிழில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் பின்னிணைப்பும் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஒன்றே அத்தகைய முயற்சிக்குப் பல ஆண்டுகளுக்குப் போதுமான சரக்கைக் கொண்டிருக்கிறது.

சேவையைப் பெற மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்தால் போதும், கட்டணம் இல்லை. மின்னஞ்சல் குவிவதை விரும்பாதவர்கள் தளத்திலேயே அன்றைய சொல்லைப் படிக்கலாம். 1994 முதலான பழைய சொற்கள் மாதவாரியாக அங்கே தொகுக்கப்பட்டுள்ளன; புதிதாகச் சேர்பவர்கள் அன்றாட மடலுக்குக் காத்திருக்கும்போதே, மனிதப் பெயர்களிலிருந்து பிறந்த சொற்களுக்கான ஒரு வாரத்தை அத்தொகுப்பில் தேடியெடுத்து ஐந்தையும் தொடர்ச்சியாகப் படித்துப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன்.