கோகர்ணம் கடற்கரை டிரெக்கிங்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூரிலிருந்து கோகர்ணத்துக்கு வார இறுதி டிரெக்கிங் என்று விளம்பரம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படி ஒரு நிறுவனத்திடம் சென்ற டிசம்பரில் நானும் என் குடும்பமும் ஏமாந்தோம். பணம் போனதை விடுங்கள். எங்களோடு வந்த ஒரு கல்லூரி மாணவியின் கணுக்கால் எலும்பு முறிந்தது. பாதை தெரியாத ஒருவனை நம்பி, பிள்ளைகளோடு ஒரு கூட்டமே இருட்டில் பாறை விளிம்பில் நின்றது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது. அதோடு, அதே ஆட்கள் அதே படங்களைப் போட்டு இப்போது வேறு பெயரில் ஆள் சேர்க்கிறார்கள். பழைய பெயரைச் சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை. அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்கிறேன். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

இடத்தைத் தெரிந்துகொண்டால்தான் ஏமாற்று புரியும். கோகர்ணம் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய துளுவ நாட்டுத் தலம். இராவணன் கொண்டுவந்த ஆத்மலிங்கத்தைப் பிள்ளையார் தரையில் வைத்துவிட, அவன் எவ்வளவு இழுத்தும் பெயர்க்க முடியாமல் போன கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயிலை ஒட்டிய ஊர்க் கடற்கரையில் எப்போதும் கூட்டம் இருக்கும். அங்கிருந்து தெற்கே போகப் போகத்தான் அமைதி. குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று நான்கு கடற்கரைகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் செம்பூரான் கல் குன்றுகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் குன்றுகளின் மேல் புதர்க்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஏறி இறங்குகிறது. ஓம் கடற்கரைக்கு மேலே வரை வண்டி போகும். மறு கோடியில், பாரடைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பெலேகான் கிராமத்துக்கும் சாலை உண்டு. நடுவில் இருக்கும் ஹாஃப் மூனுக்கு நடந்து போக வேண்டும், அல்லது ஓமிலிருந்து படகில் போக வேண்டும். மழைக்காலத்தில் படகும் கிடையாது.

காலையில் கிளம்பினால் இது அருமையான நடை. குடும்பத்தோடு போகலாம். கடினமான மலையேற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும் இடையில் பாறை மேல் கைவைத்து இறங்க வேண்டிய இடங்கள் வருகின்றன. ஓதம் ஏறும் நேரத்தில் அலை அந்தப் பாறைகள் வரை வந்து அடிக்கும். வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டிய பகுதி அது.

முன்பதிவு செய்வதற்கு முன் அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் கேட்டேன். வழிகாட்டி அந்தப் பாதையில் நடந்தவரா? பத்து வருட அனுபவம் சார், உள்ளூர்க்காரர். முதலுதவி? பயிற்சி பெற்ற ஆள் கூடவே வருவார். திரும்பி வரப் படகு? கட்டணத்திலேயே சேர்ந்தது, எல்லோருக்கும் உயிர்காப்புக் கவசம் உண்டு. என் அம்மாவால் பாறை ஏற முடியாது, கோயிலுக்காகவே வருகிறார். அம்மாவுக்கு ஊருக்குள் அறை, காலையில் தரிசனம், கூட ஓர் ஆள், நீங்கள் கவலையே படாதீர்கள் சார். இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலும் எழுதி வாங்கினேன். ஒரு தலைக்கு 4,200 ரூபாய். பணத்தை நிறுவனக் கணக்குக்கு அனுப்புகிறேன் என்றேன். கணக்கில் ஏதோ பராமரிப்பு வேலை நடக்கிறது என்று சொல்லி ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணைக் கொடுத்தார்கள். பில் பிறகு வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

விளம்பரத்தில் இருந்த படத்தையும் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு என் மகள் அதைப் பெரிதாக்கிக் காட்டினாள். சுண்ணாம்புக்கல் பாறை கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது. முன்னால் ஒரு நீளப் படகு, அதன் மூக்கில் பல நிறத் துணிகள் சுற்றியிருக்கின்றன. அது தாய்லாந்துப் படகு. கோகர்ணத்தில் அந்த மாதிரிப் பாறையும் இல்லை, அந்தப் படகும் இல்லை. அங்கே கண்ணில் படுவதெல்லாம் செம்பூரான் கல்தான்.

வெள்ளிக்கிழமை இரவு பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது. நள்ளிரவுக்கு மேல், எல்லோரும் தூங்கி வழியும்போது, ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். கைபேசி வெளிச்சத்தில் படித்துப் பார்த்தேன். வழியில் என்ன நடந்தாலும் பயணியே பொறுப்பு என்று இருந்தது. இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதற்கு, அப்படியானால் அடுத்த ஊரில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றான் அந்தப் பையன். அறுபத்தெட்டு வயது அம்மாவையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் நெடுஞ்சாலையில் இறங்க முடியுமா? கீழே "எதிர்ப்புடன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோகர்ணத்தில் இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. அங்கேதான் உண்மையான ஏமாற்று தெரிந்தது. பெங்களூர்க்காரர்கள் எங்களை இன்னொரு ஆளிடம் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஆளுக்கு எங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி எதுவுமே தெரியாது. அறையா, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றான். தரிசனமா, நடை சாத்திவிட்டார்களே என்றான். அம்மாவைத் தனியே விட்டு வர மனமில்லாமல் என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். இருவரும் தேர்வீதியில் ஒரு கடைத் திண்ணையில் மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். நடை திறந்ததும் பக்கத்தில் பூ விற்ற அம்மாள்தான் அவர்களைக் கைப்பிடித்து வரிசைக்குக் கூட்டிப் போய் விட்டிருக்கிறார்.

நாங்கள் குட்லேயிலிருந்து நடக்கத் தொடங்கியபோது மணி மூன்று. வழிகாட்டி என்று வந்தவனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். நல்ல பையன், அவன் மீது எனக்குக் கோபம் குறைவு. ஹுப்ளியில் படிக்கிறானாம், வார இறுதிக்கு ஐந்நூறு ரூபாய் என்று அழைத்திருக்கிறார்கள். ஓம் கடற்கரையைத் தாண்டியதுமே கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தான். இந்தப் பாதையில் இதற்கு முன் வந்திருக்கிறாயா தம்பி என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, பாரடைஸுக்குப் படகில் ஒருமுறை வந்திருக்கிறேன் அண்ணா என்றான்.

அப்போதே திரும்பிவிடலாம் என்றேன். அவன் நிறுவனத்தை அழைத்துக் கேட்டான். படகு பாரடைஸில் காத்திருக்கிறது, நடந்தே ஆக வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. பாதிப் பேருக்கு ஏற்கெனவே தண்ணீர் தீர்ந்துவிட்டது. டிசம்பரில் அங்கே ஆறு மணியை ஒட்டிச் சூரியன் கடலில் இறங்கிவிடும். கடல் மேல் வெளிச்சம் இருக்கும்போதே புதர்க்காட்டுக்குள் காலடி தெரியாமல் போய்விடுகிறது.

ஹாஃப் மூனைத் தாண்டி இறக்கமான ஓரிடத்தில் அந்த மாணவி சரளையில் வழுக்கி விழுந்தாள். செம்பூரான் கல் உதிர்ந்து குண்டுமணி போலப் பாறை மேல் கிடக்கும். செருப்புக்கு அடியில் அப்படியே உருளும். கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. முதலுதவிப் பெட்டியைக் கேட்டோம். பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் திறந்தான் பையன். உள்ளே பாதி தீர்ந்த பாராசிட்டமால் அட்டை, ஒரு பஞ்சு உருண்டை, மூடி இறுகித் திறக்க வராத டிங்சர் பாட்டில். கட்டுப்போடத் துணி இல்லை, டார்ச் இல்லை. என் மகளின் துப்பட்டாவைக் கிழித்து, இரண்டு குச்சிகளை வைத்துக் காலை அசையாமல் கட்டினோம். சிக்னல் கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று முன்னால் போன பையன் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

எங்களைக் காப்பாற்றியவர்கள் இரண்டு மீனவர்கள். கீழே பாறையில் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டு ஏறி வந்தார்கள். இந்த நேரத்தில் குழந்தைகளோடு இங்கே என்ன வேலை அண்ணா என்று கன்னடத்தில் என்னைக் கடிந்துகொண்டார் மூத்தவர். தன் லுங்கியை இரண்டு கழிகளில் கட்டித் தூளி மாதிரி ஆக்கி, அந்தப் பெண்ணை அதில் கிடத்தி, பாரடைஸ் மணல் வரை தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கைபிடித்து இறக்கினார்கள். பெலேகானிலிருந்து ஆட்டோவும் அவர்கள் சொல்லித்தான் வந்தது. பணம் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார்கள்.

காத்திருப்பதாகச் சொன்ன படகு அங்கே இல்லை. மறுநாள் அந்தப் படகுக்காரரையே தேடிப் பிடித்துக் கேட்டேன். போன மாதக் கூலியையே அவர்கள் தரவில்லை, இனி அவர்கள் ஆட்களை ஏற்ற மாட்டேன் என்று போன வாரமே சொல்லிவிட்டேன் என்றார். அதாவது, படகு வராது என்று தெரிந்தேதான் எங்களை அந்தப் பாதையில் தொடர்ந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒன்றை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இரவு கூடாரம் என்றது ஒரு வீட்டின் பின்புறத் தென்னந்தோப்பில் விரித்த பாயாக இருந்தது. அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணைக் குமட்டாவில் மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்று எக்ஸ்ரே எடுத்ததும், செலவைப் பகிர்ந்துகொண்டதும் உடன் வந்த பயணிகள்தான். நிறுவனத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த நள்ளிரவுப் படிவத்தைக் காட்டினார்கள். இணையத்தில் நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். நீக்கவில்லை.

இப்படி ஏமாந்தவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்; பெங்களூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்பதற்காகச் சேவைக் குறைபாடு இல்லை என்று ஆகிவிடாது. விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது, மருத்துவமனைச் சீட்டு, எதையும் அழித்துவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் வழிகாட்டியின் பெயரையும் எண்ணையும் கேட்டு, அவரிடமே நேரில் பேசுங்கள். ஹாஃப் மூனிலிருந்து பாரடைஸ் போக எவ்வளவு நேரம் ஆகும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று கேட்டால், நடந்தவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். பயணத்துக்கு முந்தைய நாள்தான் எண் தருவோம் என்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டாலும் அப்படியே.

உண்மையில் இந்த நடைக்கு நிறுவனமே தேவையில்லை. பெங்களூரிலிருந்து இரவு ரயில் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் கோகர்ணா ரோடு நிலையத்தில் நிற்கிறது. அரசு பஸ்ஸும் இருக்கிறது. முதல் நாள் கோயில். ஆண்கள் வேட்டி எடுத்துப் போங்கள், சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் குட்லேயிலிருந்து தெற்கே நடந்தால் வெயில் ஏறுவதற்குள் பாரடைஸ் போய்விடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி. பெலேகானில் ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் படகை நம்ப வேண்டியதில்லை. படகில் போவதானால் உயிர்காப்புக் கவசம் கையில் வந்த பிறகு ஏறுங்கள். ஓம் கடற்கரையில் பாறை ஓரமாகக் குளிக்க இறங்காதீர்கள். நீரோட்டம் இழுக்கும் இடம், உயிர்கள் போயிருக்கின்றன.

சென்ற டிசம்பர் இரண்டாவது வாரம் எங்களோடு அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே பாதிப்பு உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த மாணவியின் பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள். மருத்துவமனைச் சீட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. படகுக்காரரும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.