ஹாலண்டா, கேனா: அதே 36 கோல், வேறு வேறு வழி

2022-23 சீசனில் எர்லிங் ஹாலண்ட் மான்செஸ்டர் சிட்டிக்காக இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் அடித்தது 36 கோல். அடுத்த சீசனில் ஹாரி கேன் பயர்ன் மியூனிக்குக்காக ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் அடித்ததும் 36. முன்னவருக்கு 35 ஆட்டம், பின்னவருக்கு 32. எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்கு விஷயம் இதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தாடும் எங்கள் கூட்டத்தில் சண்டை இங்கேதான் தொடங்கும்.

"ஹாலண்ட் அடிக்கிறதெல்லாம் ஒரு கோலா மச்சான்? மத்தவன் சமைச்சு வெச்சதை உக்காந்து சாப்பிடறான்" என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. பல வருடம் கேன் மாதிரி நடுக்களம் வரை கீழே இறங்கி ஆட ஆசைப்பட்டு, முழங்கால் வீங்க ஆரம்பித்த பிறகு ஹாலண்ட் பக்கம் தாவியவன். அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

சின்ன விஷயங்களை முதலிலேயே தள்ளிவிடலாம். இரண்டு பேரும் உயரம், இரண்டு பேரும் தலையால் அடிப்பார்கள். ஹாலண்டுக்கு இடது கால், கேனுக்கு வலது. பெனால்டி பேச்சும் எடுபடாது. ஹாலண்டின் அந்த 36-இல் 7 பெனால்டி. கேன் 2018 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார், அதில் 3 பெனால்டி. அது சும்மா கிடைக்கிற கோல் என்பவர்கள், 2022 டிசம்பரில் பிரான்சுக்கு எதிராக அதே கேன் பந்தை வானத்துக்கு அனுப்பியதை நினைத்துப் பார்க்கட்டும்.

சரி, கேன். அவர் கோல் கம்பத்துக்கு முதுகு காட்டியபடி நடுக்களம் வரை இறங்கி வருவார். அவரோடு போவதா, இடத்தைக் காப்பதா என்று எதிரணியின் சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர், குழம்புவார். கூடவே போனால் பின்னால் ஒரு பெரிய ஓட்டை. போகாவிட்டால் கேன் நிம்மதியாகத் திரும்பி, ஓடுகிறவனுக்கு முன்னால் பந்தைப் போடுவார். 2020 செப்டம்பரில் கேனின் அப்போதைய அணி டாட்டன்ஹாம் சவுதாம்ப்டனை 5-2 என்று அடித்தபோது சக ஆட்டக்காரர் சன் ஹியூங்-மின் நான்கு கோல் போட்டார், நான்குக்கும் பாஸ் கேன். அந்த சீசனில் கேனுக்கு 23 கோல், 14 அசிஸ்ட் (கோலுக்கு முந்தைய கடைசி பாஸ்). லீக்கில் இரண்டிலுமே அவர்தான் முதலிடம். இதைப் பார்த்து மயங்காத ஸ்ட்ரைக்கர் (முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிற ஆள்) இருக்க முடியாது. நானும் மயங்கினேன்.

இனி நம்ம ஆள் ஹாலண்ட். 2022 ஆகஸ்டில் போர்ன்மவுத்துடன் ஆடியபோது ஹாலண்ட் பந்தைத் தொட்டது எட்டே தடவை. சிட்டி 4-0 என்று ஜெயித்தது. "எட்டு தடவை தொட்டவனுக்கு எதுக்குடா இவ்வளவு சம்பளம்" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் கேட்டான். அந்த எட்டில் ஒன்றுதான் சக ஆட்டக்காரர் குண்டோகன் அடித்த முதல் கோலுக்கு வழி திறந்தது என்பது வேறு கதை. ஸ்ட்ரைக்கரின் வேலை பந்தைத் தொடும்போது தொடங்குவதில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முப்பத்தைந்து வயது வரை புரியவில்லை.

இந்த விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே ஒன்றுதான்: எந்த இடத்திலிருந்து அடிக்கிறான்? கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர். பெனால்டி புள்ளியில், அதாவது 11 மீட்டரில், நேராக நின்றால் அந்த அகலம் கண்ணுக்கு 37 டிகிரி விரிந்து தெரியும். 22 மீட்டருக்குப் பின்வாங்கினால் 19 டிகிரிதான். ஐந்தரை மீட்டர் வரை முன்னேறிவிட்டால் 67. பள்ளிக்கூடத்து டான்ஜென்ட்டை வைத்து நானே போட்ட கணக்கு இது, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். இதில் நடுவே நிற்கிற கால்களையும் கோல்கீப்பர் நகரக் கிடைக்கும் நேரத்தையும் நான் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் தூரத்திலிருந்து அடிப்பது இன்னும் நஷ்டம். தூரத்து கோல் கண்ணுக்கு அழகு, அதனால்தான் ஞாபகத்தில் நிற்கிறது. உள்ளே போகாத இருபது முப்பது பந்து யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அப்படியென்றால் எல்லோரும் ஐந்தரை மீட்டரிலேயே போய் நின்றுவிட வேண்டியதுதானே? நிற்க விடமாட்டார்கள். அங்கேதான் ஹாலண்டின் திறமையைப் பார்க்க வேண்டும். டிஃபெண்டர் ஒரே நேரத்தில் பந்தையும் பார்க்க வேண்டும், ஆளையும் பார்க்க வேண்டும். பந்து ஓரத்துக்குப் போனதும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பும். ஹாலண்ட் சரியாக அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். முதலில் பந்தை விட்டு விலகுகிற மாதிரி இரண்டு அடி, அப்புறம் திடீரென்று உள்ளே. சில சமயம் எல்லோரும் கோலை நோக்கி ஓடும்போது இவர் மட்டும் நின்றுவிடுவார். நின்றதாலேயே சுற்றிலும் இடம் கிடைக்கும்.

2022 அக்டோபரில் சிட்டி மான்செஸ்டர் யுனைடெடை 6-3 என்று அடித்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஃபெண்டர்களுக்கும் கீப்பருக்கும் இடையே சிட்டியின் டி ப்ரோய்னெ ஒரு பந்தை வளைத்து விடுகிறார். தூரத்துக் கம்பத்தில் ஹாலண்ட் வழுக்கிக்கொண்டே காலை நீட்டி முடிக்கிறார். அழகெல்லாம் டி ப்ரோய்னெயின் பாஸில் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தப் பந்து அங்கே வரும் என்று நம்பி, அது கிளம்பும்போதே ஓட ஆரம்பித்தவர் யார்?

கேனுக்கும் பெனால்டி பெட்டிக்குள் இந்த வித்தை தெரியும், மறுக்கவில்லை. டிஃபெண்டரின் கால் இடுக்கு வழியாக, காலை அதிகம் பின்னால் தூக்காமலே அவர் அடிக்கும் ஷாட்டைக் கீப்பர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். 2023 அக்டோபரில் டார்ம்ஸ்டாட்டுக்கு எதிராகத் தன் பாதி மைதானத்தில் இருந்தே ஒன்று போட்டார். அவரால் முடியும். உங்களாலும் என்னாலும் முடியாது. கீழே இறங்கிப் பந்தை வாங்கி, திரும்பி, நாற்பது மீட்டர் பாஸ் போட்டு, மறுபடி பெட்டிக்குள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கி, ஓரத்திலிருந்து வரும் கிராஸ் என் தலைக்கு மேலே போய்விடும். ஒரு பருவம் முழுக்க இப்படித்தான் நடந்தது. பாஸ் பாராட்டு வாங்கும், கோல் கணக்கு அப்படியே நிற்கும்.

வயதுக்கு ஏற்ற வழி எது என்று பார்த்தால் இத்தாலியின் ஃபிலிப்போ இன்சாகியைச் சொல்ல வேண்டும். வேகம் இல்லை, டிரிபிளிங் இல்லை, ஆஃப்சைட் கோட்டிலேயே, அதாவது கடைசி டிஃபெண்டருக்கு இணையாகவே, குடியிருப்பு. 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மிலான் அணியின் பிர்லோ அடித்த ஃப்ரீகிக் இவர் மேல் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. பிறகு கீப்பரைத் தாண்டி இன்னொன்று. மிலான் 2-1, இன்சாகிக்கு வயது 33. 2010 நவம்பரில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து இரண்டு கோல் போட்டபோது வயது 37. கால் தளர்ந்தாலும் நிற்கிற இடம் தளரவில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயம் ஒன்று இருக்கிறது. கேனும் வேகத்தை நம்பி ஆடியவர் அல்ல. முப்பதைத் தாண்டிய பிறகுதான் அவரும் அந்த 36-ஐ அடித்தார். அவர் வழி வயதைத் தாங்காது என்று நான் சொன்னால் அது பொய். ஹாலண்டின் கோல்களிலும் நீண்ட ஓட்டத்தில் வந்தவை நிறைய. கால் வேகம் குறைந்த பிறகு அவர் எப்படி ஆடுவார் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, நான் இரண்டு பேரையும் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். கேமரா பந்தோடு போகும், பந்து இல்லாத ஆளைக் காட்டாது. அந்தக் குறை என் பேச்சில் இருக்கும்.

என் நிலவரம் இதுதான். இப்போது நான் நடுக்கோட்டுக்குப் போவதில்லை. தூரத்துக் கம்பத்துப் பக்கம், பின்வரிசை ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். ஓடுவது பாதி, கோல் முன்பைவிட அதிகம். முழங்காலுக்கு ஐஸ் வைப்பதும் குறைந்திருக்கிறது. பத்தில் ஏழு கோல் தொடையிலோ முழங்காலிலோ பட்டு உள்ளே போவது, அசிங்கமாகத்தான் இருக்கும்.

உங்களிடம் சன் மாதிரி ஓடுகிறவன் ஒருவன் இருந்தால் கேன் வழியில் போங்கள், தாராளமாக. எங்கள் அணியிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து வந்தால்தான்.