ஹாலில் ஒரே டிடிஎச் பெட்டி, பின் அறையில் இன்னொரு டிவி: சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸ் இருப்பது ஹாலில். பின் அறையில் அப்பாவுக்கென்று ஒரு டிவி. படத்தை அங்கே கொண்டுபோவதில் பெரிய சிரமம் இல்லை. சேனலை அங்கே படுத்தபடியே மாற்றுவதுதான் பாடு. ரிமோட்டிலிருந்து கிளம்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளி. குறுக்கே சுவர் இருந்தால் அதோடு சரி. மூட்டு வலிக்காரர் விளம்பரத்துக்கு விளம்பரம் எழுந்து ஹாலுக்கு நடக்க முடியுமா?

இரண்டாவது கனெக்‌ஷன் வாங்கிவிடலாமே என்று சொல்லாத உறவினர் இல்லை. கூடுதல் டிவிக்கான என்சிஎஃப், அதாவது சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான அடிப்படைக் கட்டணம், முதல் இணைப்பில் வாங்குவதில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் சொன்னது. 2024-இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அது போக, கட்டணச் சேனல்களுக்கு இரண்டாவது பெட்டிக்கும் தனியாக அழ வேண்டும். டிஷ்ஷிலிருந்து இன்னொரு வயர் வேறு இழுக்க வேண்டும். அப்பா பார்ப்பதோ மாலைச் செய்தி, அப்புறம் பழைய பாட்டு. இதற்கு எதற்கு மாதாமாதம் ரீசார்ஜ்?

முதலில் வாங்கியது ரிமோட் சிக்னலைச் சுவர் தாண்டிக் கடத்தும், பிரமிடு வடிவத்தில் வரும் ஜோடிக் கருவி. அப்பா அறையில் வைக்கும் பிரமிடு ரிமோட்டின் ஒளியை வாங்கி 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையாக அனுப்பும். ஹாலில் இருப்பது அதை மறுபடி ஒளியாக்கிப் பெட்டியின் மேல் அடிக்கும். சுவர் ஒரு பொருட்டே இல்லை, சுவரில் துளை போட வேண்டாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் வயரில்லாத காலிங் பெல், கார் சாவி, கேட் ரிமோட் எனப் பலதும் அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. மூன்று இலக்கச் சேனல் எண்ணை அழுத்தினால் நடு இலக்கம் விழாமல் வேறெங்கோ போய் நிற்கும். இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. சில நேரம் ஹால் பிரமிடு காற்றில் வரும் கண்ட இரைச்சலையும் ஒளியாக்கிப் பெட்டியின் மேல் கொட்டும். அப்போது பெட்டிக்கு நேர் எதிரே நின்று ரிமோட்டை அழுத்தினாலும் அது அசையாது. பிரமிடின் பிளக்கைப் பிடுங்கினால் மறு நொடி எல்லாம் சரியாகிவிடும். காரணம் புரியும் வரை ரிமோட் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

செல்போன் ஆப்பில் அழுத்தினால் ரிமோட் போலவே ஒளியை அடிக்கும் வைஃபை ஐஆர் பிளாஸ்டரையும் கொஞ்ச காலம் ஓட்டினோம். ஊருக்குப் போயிருக்கும்போதுகூடச் செல்போனிலிருந்து சேனல் மாற்றலாம் என்பதெல்லாம் பெருமைக்குச் சரி. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்பாவுக்குத் தேவை இருட்டிலும் விரல் தடவிக் கண்டுபிடிக்கிற பட்டன்; கண்ணாடி போட்டுத் தேடுகிற ஆப் அல்ல.

கடைசியில் நிலைத்தது வயர்தான். ஹாலில் பெட்டியின் படத்தை இரண்டு டிவிக்கும் பிரித்துத் தரும் ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர், அதிலிருந்து கேட் 6 என்கிற நெட்வொர்க் கேபிளில் பின் அறை வரை ஓடும் எக்ஸ்டெண்டர். ஒரே கேபிள் படத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகும், ரிமோட் சிக்னலை இந்தப் பக்கம் கொண்டுவரும். நல்ல வேளையாகச் சுவருக்குள் இருந்த பழைய கேபிள் டிவி பைப்பில் இடம் இருந்தது. எலக்ட்ரீஷியன் ஸ்பிரிங் விட்டு இழுத்துவிட்டார். போட்ட நாளிலிருந்து ரிமோட் விஷயத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் பொருத்துவதில் சில நுணுக்கம் இருக்கிறது. பெட்டியின் முகப்பில் ஐஆர் ஜன்னல் எங்கே என்று வெளியே தெரியாது. ரிமோட்டை முகப்பை ஒட்டிப் பிடித்து, மெல்ல நகர்த்திக்கொண்டே அழுத்துங்கள்; எந்த இடத்தில் தவறாமல் வேலை செய்கிறதோ அங்கேதான் எக்ஸ்டெண்டரோடு வரும், ஒளியைப் பெட்டிமேல் அடிக்கும் எமிட்டர் எல்இடியை ஒட்ட வேண்டும். கூடவே வரும் பசை பெட்டியின் சூட்டில் இளகி, சித்திரை வெயிலில் கழன்று தொங்கும். மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் போடலாம், ஆனால் ஜன்னல் முழுவதையும் மூடினால் ஹால் ரிமோட் குருடாகிவிடும். ஒரு ஓரம் திறந்திருக்கட்டும்.

அப்பா அறையில் ரிமோட்டின் ஒளியை வாங்கும் கண்ணை முதலில் டிவியின் அடியிலேயே ஒட்டினோம். திரை வெளிச்சமே அதைக் குழப்பியது, யாரும் ரிமோட்டைத் தொடாமலே அதன் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி, ஜன்னல் வெயில் படாத பக்கம் வைத்ததும் அடங்கியது.

படத்தில் ஒரு சிக்கல் தீரவே இல்லை. அப்பாவின் பழைய டிவி 720பி, முழு எச்டியைவிடக் குறைந்த தரம். இரண்டு டிவிக்கும் பொதுவான தரத்தையே ஸ்பிளிட்டர் கேட்டு வாங்குவதால், ஹாலில் இருக்கும் முழு எச்டி டிவியும் ஒரு படி இறங்கிவிட்டது. கிரிக்கெட் பார்க்கும் மகனைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அவனுடைய உண்மையான குறை வேறு. பெட்டி ஒன்றுதான் என்பதால் இரண்டு அறையிலும் ஒரே சேனல். கடைசி ஓவரில் அப்பா உள்ளே இருந்து செய்திக்கு மாற்றினால் ஹாலில் கூச்சல். பேத்தி அதற்கு மேல்: தாத்தா கண் அசரும் நேரம் பார்த்து ஹாலிலிருந்து கார்ட்டூனுக்கு மாற்றிவிட்டு, “நான் இல்லை தாத்தா, வயர் கோளாறு” என்பாள். இப்போது ஏழிலிருந்து எட்டரை வரை தாத்தா நேரம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஐபிஎல் மாதங்களில் அது செல்லாது.

ஒரே நேரத்தில் வேறு வேறு சேனல் வேண்டுமென்றால் இந்த வழி உதவாது, இரண்டாவது பெட்டிதான். புதிய ஆண்ட்ராய்டு பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் ரிமோட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள். பல ரிமோட்டுகள் ப்ளூடூத்தில் பேசுபவை; இந்த ஐஆர் கண்ணுக்கு அவை எட்டாது. அடுத்த அறைதான் என்றால், வயர் எதுவும் இல்லாமல் அந்த ரிமோட்டே சுவரைத் தாண்டி வேலை செய்துவிடவும் கூடும்.